ஒன்பதாவது நொடி

படத்துக்குக் குறைவில்லை எங்களிடம்.
முப்பத்தெட்டு நாய்கள், நாற்பத்தோரு காணொளிகள்,
வெல்கா தன் பழைய கைபேசியில் எடுத்தவை,
பாதியில் அவள் கட்டைவிரலும் சேர்ந்தே நடித்திருக்கும்.
ஆனாலும் தௌகவ்பில்ஸ் நாய்க் காப்பகம் என்று தேடினால்
ஒரு டயர்க் கடைதான் வந்தது.

யார் யாரையோ கேட்டு அலுத்தபின் புரிந்தது:
தேடுபொறி அனுப்பும் சிலந்திக்குக் கண் இல்லை,
காது இல்லை.
ஊர் ஊராய் ஊர்ந்து வந்து
எழுத்தை மட்டும் மென்றுவிட்டுப் போகும்.
நாங்களோ பெயர், வயது, தொலைபேசி எண்
அத்தனையையும் படத்துக்குள்ளேயே
மஞ்சள் நிறத்தில் அழகாக வரைந்து வைத்திருந்தோம்.
அதற்கு அது சாத்திய கதவு.
கதவின்மேல் ஒரு பலகை: ஐ.எம்.ஜி. 2207.

பிப்ரவரி முழுக்க எழுதினேன்.
அடுப்பு புகைந்தது, ஜன்னலில் பனி ஏறியது,
ஒவ்வொரு படத்தின் முதுகிலும் ஒரு வாக்கியம்.
பழுப்பு. ஆண். நடுத்தர உயரம். இடது காது கிழிந்தது.
காணொளிகளை ஒலியை அணைத்துத்தான் பார்த்தேன்.
சுவருக்கு அந்தப் பக்கம் முப்பத்தெட்டு தொண்டைகள்
நிஜமாகவே குரைத்துக்கொண்டிருக்க
திரையிலும் எதற்கு?

மார்ச்சில் ஒரு பட்டியல் வந்தது,
என்ன தேடியவர்கள் முன் நாங்கள் தோன்றினோம் என்று.
முடி கொட்டாத சிறிய நாய்.
நாய் இலவசம்.
நாய் சோப்பைத் தின்றுவிட்டால்.
இவற்றுக்கு நடுவே, ரஷ்ய மொழியில்,
ஆறு முறை, ஒரே ஆள்தான் என்று நினைக்கிறேன்,
ரயிலுக்குப் பயப்படும் பழுப்பு நாய்.

ஏழாம் பக்கத்தில் இருந்தோம் நாங்கள்,
அதுவும் முகவரியில் ரயில் என்றொரு சொல் இருந்த தயவில்.
ஏழாம் பக்கம் வரை யார் நடப்பார்கள்?
நான் லாத்விய மொழியில் நிறத்தை எழுதியிருந்தேன்.
அந்த ஆள் தன் மொழியில் பயத்தைத் தேடியிருக்கிறார்.

கிர்பிஸின் காணொளியைத் திரும்ப ஓட்டினேன், ஒலியோடு.
பதினான்கு நொடி.
ஒன்பதாவதில், தூரத்தில், சரக்கு ரயில் ஊதுகிறது.
அதுவரை பந்தைக் கடித்துக்கொண்டிருந்தவன்
பந்தை விட்டான், வாலை விட்டான்,
பெஞ்சுக்கடியில் தரையோடு தரையானான்.
ஒலியில்லாமல் பார்த்தபோது
நிழல் தேடிப் போகிறான் என்றல்லவா நினைத்தேன்.

இரண்டு மொழியிலும் அடித்தேன்:
ரயில் ஊதுகிறது. நாய் பெஞ்சுக்கடியில் போகிறது.
ஒரு பெண் குரல்: ஒன்றுமில்லடா, ஒன்றுமில்ல.
அது வெல்கா. அவள் அப்படிச் சொன்னது
அவளுக்கே நினைவில்லை.

வியாழக்கிழமை சிலந்தி வந்துபோன தடம் இருந்தது.
பதினோரு நாள் கழித்து ஆர்காதி வந்தார்,
ரேசெக்னேயிலிருந்து, பேருந்தில்,
கோட்டுப் பையில் ஒரு கழுத்துப்பட்டை.
கூண்டருகே வெகுநேரம் குனிந்திருந்தார்.
"இல்லை," என்றார். "இது வேற நாய்."

இடது காது கிழிந்தது என்று போட்டிருந்தோமே,
உங்கள் நாய்க்கும் அப்படியா என்று கேட்டேன்.
"இல்லை. படித்தேன். ஆனால்
வழியில் எங்காவது கிழிந்திருக்கலாம் இல்லையா."

நாலு இருபதுக்கு ரயில் வந்தது.
சொல்லாமலே மண்டியிட்டு
கம்பிக்குள் கைவிட்டு அந்தக் காதுகளைப் பொத்தினார்,
முழுதானதையும் கிழிந்ததையும்,
கடைசிப் பெட்டி போகும் வரை.

கிளம்பும் முன் தன் நாயின் படத்தைத் தந்தார்,
காப்பகப் பக்கத்தில் போட முடியுமா என்று.
கொஞ்சம் கலங்கலான படம், பனி, ஒரு பழுப்புத் திட்டு,
யார் வீட்டு நாயாகவும் இருக்கலாம்.
விசைப்பலகையை இழுத்து வைத்துக்கொண்டேன்.
"சொல்லுங்க," என்றேன்.
"நிறம் வேண்டாம்.
வேற ஏதாவது."